தபால்காரரின் குதிங்கால்: 64 வயதில் சைக்கிளோடு ஓட்டத்தையும் சேர்த்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

அவர் என்னிடம் வந்தது 2023 டிசம்பரில். வயது 64, காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஊதியூர்ப் பக்கம் வீடு. தபால்காரராக இருந்து 2019இல் ஓய்வு பெற்றவர். நான் பதினாறு வருடமாக இந்தப் பகுதியில் இயன்முறை சிகிச்சை செய்கிறேன். அறுபது தாண்டியவர்களின் குதிங்கால் வலி எனக்குப் புதிதில்லை. ஆனாலும் இவருடைய கதையை முழுதாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஓய்வுக்குப் பிறகு சைக்கிளை எடுத்து, அப்புறம் ஓட்டத்துக்கு வரும் பலர் தடுக்கி விழும் அதே இடத்தில்தான் இவரும் விழுந்தார், எழுந்து வரவும் செய்தார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் சொன்ன முதல் வாக்கியமே பாதி நோயறிதல். "எந்திரிச்சதும் மொதப் பத்து எட்டு வெக்கறதுக்குள்ள உசுரு போயிருதுங்க அம்முணி. அப்புறம் நடக்க நடக்கச் சரியாயிருதுங்க." காலையில் முதல் அடிகளில் குத்தி, நடக்க நடக்கத் தளரும் வலி. அது குதிகால் எலும்பிலா, அதற்கு மேலா என்று கேட்டேன். குனிந்து, வலது குதிகாலுக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினார்.

முன்கதை

வேலையில் இருந்த காலத்தில் முதல் 24 வருடம் சைக்கிள். ஒரு நாளைக்குச் சுமார் 25 கிலோமீட்டர். இந்தப் பக்கம் வீடுகள் தெருவில் வரிசையாக இருக்காது. கிளுவை வேலி ஓரமாகப் போய்க் கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை) தாண்டி, ஒவ்வொரு சாளைக்கும், அதாவது தோட்டத்து வீட்டுக்கும், தனித்தனியாக உள்ளே போய் வர வேண்டும். கடைசிப் பத்து வருடம் மொபெட். அந்தப் பத்து வருடத்தில்தான் எடை ஏறியது. 57 வயதில் சர்க்கரை தெரிந்தது. ஓய்வு பெறும்போது 74 கிலோ.

2021இல், கட்டுத்தரை ஓரத்தில் கிடந்த பழைய சைக்கிளை எடுத்து டயர் மாற்றி ஓட்ட ஆரம்பித்தார். தினம் 20 கிலோமீட்டர். இரண்டரை வருடத்தில் எடை 68க்கு வந்தது. படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டாமல் வைத்திருந்தார்.

மகள் வழிப் பேத்தி ஏழாம் வகுப்பு, 800 மீட்டர் ஓடுகிறவள். காலையில் அவளைப் பள்ளி கிரவுண்டுக்கு அழைத்துப்போவது இவர் வேலை. "சும்மா உக்காந்திருக்கீங்களே, ஒரு ரவுண்டு வாங்க அப்புச்சி" என்று அவள் கூப்பிட்டது 2023 ஜூலையில். முதல் நாளே 400 மீட்டர் நிற்காமல் ஓடினார். மூன்றாவது வாரத்தில் 3 கிலோமீட்டர். செப்டம்பரில் தினமும் 5 கிலோமீட்டர். அப்போதுதான் மருமகன் ஆன்லைனில் ஒரு ஷூ வாங்கிக் கொடுத்தார். அடிப்பாகம் மெலிந்தது, குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம். அக்டோபரில் வலி தொடங்கியது.

வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். இந்த வயதில் ஓட்டமெல்லாம் எதற்கு, விட்டுவிடுங்கள் என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் ஓடாமல் இருந்தார், வலி போனது. ஓடினார், வலி வந்தது. இப்படி இரண்டு முறை.

பரிசோதனை

நாடித்துடிப்பு 56, இருபது வயதுப் பையனுக்கு இருக்க வேண்டியது. இதய மருத்துவரிடம் ட்ரெட்மில் சோதனை ஏற்கெனவே செய்திருந்தார், பிரச்சினை இல்லை. முழங்கால் இரண்டும் நன்றாக மடங்கின. வலது கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கும் தசைநாணில் (தசையை எலும்போடு கட்டும் கயிறு) வேப்பங்கொட்டை அளவுக்கு ஒரு தடிப்பு, தொட்டால் வலி. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டையை அழுத்தினேன். பாதம் ஒழுங்காக அசைந்தது, ஆகவே தசைநாண் அறுந்துபோகவில்லை.

ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னேன். இடது 17 தடவை. வலது 5.

இந்த இடத்தில் அறுபது தாண்டிய எல்லாரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சமீபத்தில் சிறுநீர்த் தொற்றுக்கோ வேறு எதற்கோ சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரை சாப்பிட்டீர்களா? அந்த வகை மருந்து சிலருக்குத் தசைநாணைப் பாதிக்கும், அறுந்துபோகவும் செய்யும். அறுபது வயதுக்கு மேல், அதுவும் ஸ்டீராய்டு சேர்ந்தால், அபாயம் இன்னும் கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இலேயே அட்டையில் எச்சரிக்கை போடச் சொன்னது. இவர் சாப்பிட்டிருக்கவில்லை. சர்க்கரை மட்டும் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது, மூன்று மாதச் சராசரி 7.2. நீண்டநாள் சர்க்கரை தசைநாணை விறைப்பாக்கும்.

"நரம்பு இழுத்துக்கிச்சுங்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் தசைநாணையும் நரம்பு என்றுதான் சொல்வோம். பலர் அதனாலேயே பயந்து நரம்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சேதி கொண்டுபோகும் நரம்பு வேறு, தசையை எலும்போடு கட்டியிருக்கும் இந்தக் கயிறு வேறு என்று படம் போட்டுக் காட்டினேன். வடக்கயிற்றின் ஒரு பக்கம் புரி பிரிந்த மாதிரி என்றதும் பிடித்துக்கொண்டார்.

செருப்பின் அடிப்பக்கம்

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கால் நூற்றாண்டு சைக்கிள் மிதித்தவர், கெண்டைக்கால் இவ்வளவு பலவீனமாக இருக்கலாமா? ஷூவை மட்டும் காரணம் சொன்னால் இடது கால் எப்படித் தப்பித்தது? அவர் கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக் காலால் புரட்டினார். ஒரு செருப்பு கவிழ்ந்தது. அடிப்பக்கத்தின் நட்டநடுவில், உள்ளங்கால் குழிவுக்கு நேர் கீழே, குறுக்காக இரண்டு பட்டைத் தடம் தேய்ந்து பளபளத்தது. பெடல் கட்டையின் தடம்.

சைக்கிளை எடுத்து வரச் சொல்லி, கிளினிக் முன்னால் ஓட்டிக் காட்டச் சொன்னேன். நடுப்பாதத்தால் மிதித்தார். சீட்டும் தாழ்வு, உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதியும். தபால்காரருக்கு அது சௌகரியம், சாளைக்குச் சாளை இறங்கி ஏறத் தேவை. ஆனால் நடுப்பாதத்தில் மிதித்தால் கணுக்கால் அசையவே அசையாது. தொடைதான் எல்லா வேலையும் செய்யும். நிற்கும்போது வலது காலை ஊன்றி எழும்பாமல், இடது காலை மட்டும் தரையில் ஊன்றுவதும் தெரிந்தது. 24 வருடமும் தரையைத் தள்ளியது இடது கால்தான்.

முன்பாதத்தால் மிதித்தாலும் சைக்கிளில் இந்தத் தசைநாணுக்கு வரும் இழுவை உடல் எடை அளவைத் தாண்டாது. ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் அது உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு. 5 கிலோமீட்டர் ஓடினால் வலது கால் 2,500 தடவைக்கு மேல் தரையில் விழும். இவருடைய நெஞ்சும் நுரையீரலும் அதற்குத் தயாராக இருந்தன. தயாரில்லாத ஒரே பொருள் அந்த ஆறு அங்குலக் கயிறு.

சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். புதிதாக ஓட வருகிறவருக்கு மூச்சு வாங்கும், நின்றுவிடுவார். அந்த மூச்சுத் திணறலே அவரைக் காப்பாற்றுகிறது. இவருக்கு மூச்சு வாங்கவில்லை, அதனால் நிறுத்தச் சொல்ல உடம்பில் எதுவும் இல்லை. இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். தசைநாணுக்கு மாதக்கணக்கில் நாள் வேண்டும். வயதாக ஆக இன்னும் வேண்டும்.

ஓட்டத்தை ஏன் விடச் சொல்லவில்லை

சைக்கிள் மட்டும் ஓட்டட்டுமே என்று அவர் வீட்டம்மாவே கேட்டார். நியாயமான கேள்வி. சைக்கிள் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அருமையான மருந்து. ஆனால் சீட்டு நம் எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதில் வேலை இல்லை. வருடக்கணக்காகச் சைக்கிள் மட்டும் ஓட்டும் பந்தய வீரர்களுக்கே எலும்பு அடர்த்தி குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம், தடுக்கினால் சட்டென்று அடுத்த காலை வைத்துச் சமாளிக்கும் வேகம் இந்தக் கெண்டைத் தசையில்தான் இருக்கிறது. எழுபது எழுபத்தைந்தில் வாசப்படியில் தடுக்கி இடுப்பெலும்பு முறிந்து என்னிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் அறுபதில் கொஞ்சம் ஓடியிருக்கக்கூடாதா என்று மனது அடித்துக்கொள்ளும்.

முழங்கால் தேய்ந்துவிடும் என்ற பயம் அவருக்கும் இருந்தது. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம். ஓடாமல் இருந்தவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்கென்றே ஓடியவர்களுக்கு மட்டும் 13.3. இந்தக் கணக்கைச் சொன்னதும் வீட்டம்மா, "அப்ப மெதுவா ஓடட்டும்னு சொல்லுங்க கண்ணு" என்றார். அதையேதான் நானும் சொல்ல இருந்தேன்.

செய்தது

முதல் ஆறு வாரம் ஓட்டம் இல்லை, சைக்கிள் உண்டு. சீட்டை வாரத்துக்கு ஒரு விரற்கடையாக ஏற்றினோம். கணக்கு எளிது: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் சிறு மடிப்பு மிஞ்சும். முதலில் தடுமாறினார், கீழே விழுந்துவிடுவோமோ என்று பயந்தார். பத்தே நாளில், இத்தனை வருடம் இதைத் தெரியாமல் மிதித்திருக்கிறேனே என்று வருத்தப்பட்டார்.

கூடவே, குதிகாலைப் பாதி உயரம் தூக்கி 45 விநாடி அசையாமல் நிற்பது, ஐந்து தடவை. சிலருக்கு வலியைத் தணிக்க இது உதவும். ஐந்தாவது வாரத்திலிருந்து படிப் பயிற்சி. திண்ணைப் படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் எழும்பி, வலது காலால் மட்டும் மெல்ல மெல்லக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். 1998இல் ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற மருத்துவர் குழு வெளியிட்ட முறை இது. முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, தினம் இரண்டு வேளை, 12 வாரம். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 180. அதில் இருந்த 15 பேரும் மறுபடி ஓடினார்கள். ஆனால் அவர்களுடைய சராசரி வயது 44. சர்க்கரை உள்ள 64 வயதுக்காரருக்கு அதை அப்படியே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், எண்ணிக்கை குறைவு, பாரம் அதிகம் என்று மாற்றினேன். பாரத்துக்கு அவருடைய பழைய காக்கித் துணிப் பையில் அரிசி. இரண்டு கிலோவில் தொடங்கி எட்டு கிலோ வரை போனது. "கடுதாசி எப்பவும் இத்தனை கனம் இருந்ததில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே செய்வார்.

ஏழாவது வாரம் ஓட்டம் தொடங்கியது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. பழைய, குதிகால் உயர்ந்த ஷூ. ஓடிய மறுநாள் கட்டாயம் சைக்கிள் மட்டும். ஓடிய பிறகு சுமார் ஒன்றரை நாள் வரைக்கும் தசைநாணில் கட்டுமானத்தை விடச் சிதைவு கூடுதலாக இருக்கும், அதற்குப் பிறகுதான் வரவு செலவை மிஞ்சும். தினமும் ஓடினால் வரவு வருவதற்குள் அடுத்த செலவு வந்துவிடும்.

வலியே இல்லாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்துக்கு ஐந்து வரை போகலாம், ஆனால் மறுநாள் காலை முதல் பத்து அடி முந்தின நாளைவிட மோசமாக இருக்கக்கூடாது. அந்த முதல் பத்து அடிக்குத் தினமும் மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதச் சொன்னேன். அவர் நோட்டு பார்க்கவே அழகு. ரிஜிஸ்டர் தபால் பதிவேடு மாதிரி கோடு போட்டுத் தேதி, நேரம், தூரம், குதிங்கால் மார்க், காற்று எந்தத் திசை என்று ஐந்து கட்டம். காற்றுத் திசையை நான் கேட்கவே இல்லை.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினோம். இந்த வயதில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.2 வரை புரதம் வேண்டும். அவருக்கு அது 68 முதல் 82 கிராம் வரை. சாப்பிட்டுக்கொண்டிருந்தது அதில் பாதிதான் இருக்கும். சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்ததால் மருத்துவரும் ஒத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை கடைந்த கொள்ளு தினமும் ஆனது, தட்டைப்பயறு சேர்ந்தது, காலையில் இரண்டு முட்டை.

பதினோராவது வாரம்

மார்ச் தொடக்கத்தில் காலை மதிப்பெண் 1, 0, 1 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 6 ஆனது. நோட்டில் முந்தின நாள் கட்டத்தில் "20 நிமிசம்" என்று மட்டும் இருந்தது. நான் கொடுத்த அளவுதான். துருவிக் கேட்டபோது பேத்தி சொன்னாள்: மாவட்டப் போட்டிக்குத் தயாராகிறாள், 200 மீட்டர் வேகமாக ஓட ஆள் வேண்டும் என்று அப்புச்சியைக் கூட்டிக்கொண்டாள். ஆறு முறை ஓடியிருக்கிறார்கள்.

இது என் தவறு. நிமிடத்தைக் கொடுத்தேன், வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேகம் கூடக்கூட இந்தத் தசைநாணுக்கு வரும் இழுவையும் கூடும், அது நேரக்கணக்கில் தெரியாது. பேத்தி கூப்பிட்டால் எந்த அப்புச்சியும் ஓடத்தான் செய்வார், அதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். இரண்டு வாரம் பின்னால் போனோம். அப்போதிருந்து என் எல்லாத் திட்டத்திலும் "பேசிக்கொண்டே ஓடும் வேகம்" என்று எழுதித்தான் கொடுக்கிறேன்.

மே மாதம் இன்னொன்று நடந்தது. வெயிலுக்குப் பயந்து ஐந்தரைக்கே வெறும் வயிற்றில் சைக்கிளை எடுத்துப் போனவருக்கு, குண்டடம் ரோட்டில் உடம்பு நடுங்கி வியர்த்துவிட்டது. பையில் கடலை மிட்டாய் இருந்ததால் தப்பித்தார். அவர் சாப்பிடுவது கிளிமெபிரைட், ஒரு நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரை, உடற்பயிற்சி கூடினால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன், அளவைப் பாதியாக்கினார். இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ஓட்டத்தையோ சைக்கிளையோ கூட்டும்போது முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள்.

ஆடிக்காற்று

ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று குண்டடம், தாராபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலை நிற்பதே அதனால்தான். மேற்கே மிதித்தால் சைக்கிள் நகராது. அவர் அந்த மாதங்களில் சைக்கிளை விட்டுவிடலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன், ஏனென்றால் அதுவரை அவருக்குக் கொடுக்காத ஒன்றை அந்தக் காற்று கொடுக்கும்.

ஃபிரான்சில் ரோபேர் மார்ஷான் என்று ஒருவர் இருந்தார், 1911இல் பிறந்தவர். 2012இல் நூறு வயதில் ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் ஓட்டினார். 2014இல் 102 வயதில் அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர். இடைப்பட்ட இரண்டு வருடமும் வருடத்துக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர் பயிற்சி. அதில் 80 சதவீதம் இலேசாக, 20 சதவீதம் கடினமாக. உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு அவருக்கு 31லிருந்து 35க்கு ஏறியது. சும்மா இருந்தால் முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்குப் பத்து சதவீதம் போல இறங்கும் அளவு இது. நூறு தாண்டிய ஒருவருக்கு ஏறியிருக்கிறது.

எங்கள் தபால்காரருக்கு அந்தக் கடினமான ஐந்தில் ஒரு பங்கைக் கால் வழியாகக் கொடுக்க முடியாது, தசைநாண் தாங்காது. சைக்கிளில் கொடுக்கலாம். ஆனால் கியர் இல்லாத வண்டி, சமதளமான ரோடு. காற்றுதான் மேடு. வாரத்தில் ஒருநாள் குண்டடம் பக்கமாக எதிர்காற்றில் மூன்று நிமிடம் மூச்சிரைக்க மிதிப்பது, இரண்டு நிமிடம் தளர்த்துவது, ஐந்து முறை. உச்ச நாடித்துடிப்பு அவர் வயதுக்கு 163 போல வரும் (208லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் கிடைப்பது). 140ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். திரும்பும்போது பின்காற்று, மிதிக்காமலே வீடு வந்துவிடும். "போறப்ப அழுவ வெக்கும், வர்றப்ப தூக்கீட்டு வந்து உட்டுரும்" என்றார்.

ஒரு வருடம் கழித்து

2024 டிசம்பரில் மறுபடி அளந்தேன். ஒற்றைக்கால் குதிகால் தூக்கல் இடது 24, வலது 22. எடை 66. மூன்று மாதச் சர்க்கரை 6.5. வாரத்தில் மூன்று நாள் 5 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் நடை சேர்த்து 41 நிமிடம். மற்ற மூன்று நாள் சைக்கிள். ஒருநாள் ஓய்வு, அன்று சிவன்மலைக்குப் போய்ப் படியேறிக் கும்பிட்டு வருகிறார். அது ஓய்வில்லை என்று நான் சொல்லவில்லை.

தடிப்பு இன்னும் இருக்கிறது, கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வலி போனபிறகும் அது பல வருடம் அப்படியே நிற்கலாம். அதைத் தடவிப் பார்த்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றேன். அரிசிப் பையோடு படிப் பயிற்சி வாரம் இரண்டு முறை தொடர வேண்டும், நிறுத்தினால் மறுபடி வரும் என்றும் சொன்னேன். அந்த மெலிந்த ஷூவை மருமகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இடது காலை மட்டும் ஊன்றி இறங்கும் பழக்கம்தான் இன்னும் மாறவில்லை. அடுத்த மாதம் அதைப் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது நோட்டை நீட்டினார். கடைசிப் பதிவு அன்று காலையது: "5.50. கிரவுண்டு 12½ ரவுண்டு. குதிங்கால் 0. காத்து கெழக்கால. பேத்தி கூட வரல, பரிச்சை."